குப்புறப் படுத்த அக்காவும் மூன்று சிடிக்களும்

"விழித்திரை நல்லா ஒட்டியிருக்கு. இனி நீங்க நிமிர்ந்து பாக்கலாம்மா!"

போன வாரம் மதுரையில் கண் டாக்டர் இப்படிச் சொன்னதும் என் அக்கா நிமிர்ந்து முதலில் பார்த்தது என்னைத்தான். "ஏலே, தலை இம்புட்டு நரைச்சுப்போச்சே!" என்றாள். பார்வை இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறதாம். என் நரைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது!

விழித்திரை ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழ் வைத்திருந்தார்கள். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டுமானால் பகலும் இரவும் குப்புறவே படுத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை. இதை யாரிடம் சொன்னார்கள்? சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்காத என் அக்காவிடம்!

போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவே விளம்பரத்தில் ஒருவர் வந்து, "லோன் வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அக்கா தலையைத் தூக்கப் போனாள்...

சிவகாசியில் அக்கா வீட்டில் பழைய சிடி பிளேயர் ஒன்று கிடந்தது. படுத்தபடியே கையை நீட்டி பட்டனை அமுக்கலாம். நாமே பாட்டை சிடியில் ஏற்றினால் என்ன?

நான் குடியிருக்கும் விருதுநகரில் காலி சிடி கேட்ட கடையில் மியூசியப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள் — சிடியை அல்ல, என்னை.

லேப்டாப்பில் இருந்த பாட்டையெல்லாம் ஒரே சிடியில் காப்பி செய்து, பெருமையாக சிவகாசிக்குப் போய்ப் போட்டேன். பிளேயர் மௌன விரதம். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிழட்டு பிளேயருக்கு எம்பி3 புரியாது. ஆடியோ சிடியாகவே எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஒன்றேகால் மணி நேரப் பாட்டுதான் பிடிக்கும். ஆக மூன்று சிடி: பக்தி, டூயட், சோகம்.

அத்தானுக்கு சிவகாசியில் பிரஸ். பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பவர். மொட்டை சிடியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன மாப்ள, லேபிள் இல்லாத சரக்க நம்மூர்ல வெளிய விடுவாகளா?"

சீசன் ஆர்டரை நிறுத்திவிட்டு பளபளவென்று ஸ்டிக்கர் அடித்து மூன்றிலும் ஒட்டிவிட்டார். ராக்கெட் படம்! தடித்த ஸ்டிக்கர், அதுவும் கொஞ்சம் கோணல். சிடி சுற்றத் தொடங்கியதும் பிளேயர் தடதடவென்று குதித்தது. சிவகாசியில் அப்படியொரு சத்தம் கேட்டால் தலையைத் தூக்காதவர் யார்? அக்கா கையை ஊன்றிவிட்டாள். அத்தான் பாய்ந்து அவள் பிடரியை அமுக்கினார்.

"எத்தன வருசமா இதுக்குக் காத்திருந்தீக?" — தலையணைக்குள்ளிருந்து அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. பிடரியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

ஸ்டிக்கரை உரித்தால் சிடியின் மேல்பூச்சோடு பாட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. மறுபடி மூன்று எழுதினேன். ஆனால் அத்தான் பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டால் பகலெல்லாம் அக்கா தனி. எது எந்த சிடி என்று பார்க்காமல் எப்படித் தெரியும்?

மறுநாள் அத்தான் மூன்று அட்டை உறைகளோடு வந்தார். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் மேடாக எழும்பி நிற்பாரே, அந்த எம்போஸிங்! அக்கா கட்டிலுக்குக் கீழே கையைத் தொங்கவிட்டுத் தடவினாள்.

"தும்பிக்க தட்டுப்படுது... பக்திப் பாட்டா?"

"ஆமா. குத்துவெளக்கு டூயட்டு. தலையத் தூக்காத!"

அதன் பிறகு அவளே தடவி எடுத்து, அவளே போட்டு, டாக்டர் சொன்ன நாள் வரை குப்புறவே கிடந்தாள். டாக்டருக்கு நன்றி. அத்தானின் அச்சுகளுக்கு நன்றி. பழைய பிளேயரை எடைக்குப் போடாத எங்கள் குடும்பச் சோம்பேறித்தனத்துக்கு... தனி நன்றி.

சோகப் பாட்டு உறையில் என்ன அச்சு என்கிறீர்களா? மாலையும் கழுத்துமாக மணமக்கள்! "கைக்கு அம்புட்டது அதான், மாப்ள" என்றார் அத்தான்.

அக்கா அதிகமாகத் தடவித் தேடி எடுத்தது அந்த உறையைத்தான்.