தானே சான்றொப்பம் போட்டுக்கொண்ட டிரைவர்

ஓய்வு பெற்ற பிறகும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை என்னை விடவில்லை. அதன் தரக்கட்டுப்பாட்டு விதிகளை எழுதியவன் நான். அதில் யாராவது மாட்டிக்கொண்டால் வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறிப் போய் அவிழ்த்துவிடுவதும் என் பாடு.

அன்று மாட்டியவர் சோதனைப் பிரிவு ஆய்வாளர். நாற்பது வயதுப் பெண்மணி. வாசலில் லாரி நிற்கிறது. பம்ப் மூடிகள் வாடிக்கையாளரின் முப்பரிமாணப் படத்தோடு ஒத்துப்போகின்றன என்று அவர் கையெழுத்திட்டால்தான் சரக்கு கிளம்பும். பிசகினால் வேலை போய்விடும். ஆனால் படம் திறக்கவே இல்லை.

"இன்னா சார் இது, பேஜாரா கீது. ஓப்பன் ஜிஎல் நாலு புள்ளி ஒண்ணு வேணுமாம். நம்முது மூணு புள்ளி மூணாம்."

ஓப்பன் ஜிஎல் என்பது முப்பரிமாணப் படங்களைத் திரையில் வரையும் முறை; அவர் சொன்னது அதன் பதிப்பு எண். அந்தக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரையும் வேலையையும் பிராசஸரே ஒரு மென்பொருள் டிரைவரை வைத்துச் செய்கிறது. புதிய டிரைவருக்கு நாலு புள்ளி ஐந்து வரை தெரியும். எங்களுடையது பழையது. புதுப்பிக்கலாம்தான். ஆனால், சோதனைக் கணினியில் எதை மாற்றினாலும் நான்கு பேர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் வரைபடப் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவை மூடியே பல வருடங்களாகின்றன. விதியை எழுதிய புண்ணியவான் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணினிப் பிரிவுக்குப் போன் போட்டேன்.

"அதுக்கெல்லாம் படிவம் எதுக்கு சார்? ஒரே ஒரு வரி அடிங்க, டிரைவர் தன்னை நாலு புள்ளி அஞ்சுன்னு சொல்லிக்கும்."

பணிக்காலம் முழுக்க, தனக்குத் தானே சான்றொப்பம் போட்டுக்கொண்டு வந்த நகல்களைத் திருப்பி அனுப்பியவன் நான். அன்று அந்த வரியை என் விரலாலேயே அடித்தேன்.

படம் திறந்தது. ஆய்வாளர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"சார், மூடி எங்க? அடி வளையம் மட்டும்தான தெரியுது?"

உண்மைதான். தட்டையான பாகமெல்லாம் இருந்தது. கூம்பாக மேலெழும் வளைந்த பாகம் ஒன்றுகூட இல்லை. வளைவுகளை நுணுக்கமாகப் பிரித்து வரையும் வித்தை நாலாம் பதிப்பில்தான் வந்தது. தெரியும் என்று சொல்லிக்கொண்டதாலேயே டிரைவருக்கு அது தெரிந்துவிடாது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "வளையத்துல ஓட்டையெல்லாம் சரியா இருக்கேம்மா. மீதியும் சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

"தெரியாததுக்கு எப்டி சார் கையெழுத்துப் போடறது? நீங்கதான எழுதி வச்சிகிறீங்க, கண்ணால பாத்தாத்தான் போடணும்னு?"

அறிக்கையில் கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டு, குறிப்புப் பகுதியில் 'படம் முழுதாகத் தெரியவில்லை' என்று எழுதி மேலாளரிடம் அனுப்பினார். லாரி நகராது என்று தெரிந்ததும் டிரைவரைப் புதுப்பிக்க மேலாளர் வாய்மொழியாகவே அனுமதி தந்தார். என் படிவத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் புதிய டிரைவர் ஏறியது.

இந்த முறை படம் ஆமை வேகத்தில் திரும்பியது. ஆனால் முழுதாகத் திரும்பியது. கூம்பின் பின்பக்கம் சாய்வாக ஒரு சிறிய வடிகால் துளை. அவர் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடம் வழவழவென்று இருந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டு லாரி டிரைவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டியைத் திருப்பிக்கோ."