மாமா விரதம் இருந்த மத்தியானம்

என் மாமா வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் விரதம் இருந்தார். அதுவும் காலையில் இரண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்ட பிறகு. மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த குழம்பை அரிசிச் சேமியா மேல் ஊற்றித் தருவதுதான் மொஹிங்கா. யாங்கோனில் எந்தத் தெருவிலும் காலையில் அந்த வாசனைதான். ஆகவே அந்த விரதத்தின் தரம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மாமாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். எனக்கு ஏழு வயது இருக்கும்.

"நல்லா வயித்த ரொப்பிக்க. அங்க சாப்பிடுவமோ மாட்டமோ," என்றார் மாமா.

அங்கே என்றால் வங்காளி வீடு.

நாங்கள் மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தோம். அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, இருவருக்கும் மூத்தவரான மாமா, நான். அப்பா மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். மாமா ரயில் நிலையத்துப் பார்சல் கொட்டகையில் வேலை பார்த்தார். சித்தி ஷ்வேப்யிதாவில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் தெரு முக்குக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்ஸை ஓட்டியவரைத்தான் சித்திக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் வங்காளி. எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர், எங்களைப் போலவே வாசலைத் தாண்டினால் பர்மிய மொழி பேசுகிறவர். மாமாவுக்கு அது போதவில்லை.

"பர்மாக்காரனா இருந்தாக்கூடப் பழகின சனம்னு விட்டுறலாம். இவங்க என்ன திங்கிறாங்க, எப்படித் திங்கிறாங்க, ஒண்ணும் தெரியாதே," என்பார். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். அப்படியே மழைக்காலம் முழுவதும் போயிற்று. கடைசியில் சித்திதான் சொன்னாள். "அண்ணன் வேணாம்னா வேணாம். நான் ஓடிப்போறவ இல்ல. ஆனா ஒரு தடவ போயி அவங்களப் பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும்."

அந்த வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அவர்களுக்குத் தெரியாத ஒன்று இதில் இருந்தது. எங்கள் ஆட்கள் சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் அதுவும் முடிந்தது என்றுதான் அர்த்தம். எனக்குத் தலைவாரும்போது சித்தி, "மாமா அங்க சாப்பிட்டாரான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு. உங்கம்மா நல்லதா மாத்திச் சொல்லிரும். நீ உள்ளதச் சொல்லு," என்றாள். சீப்பு வழக்கத்தைவிட அழுத்தமாக இழுத்தது.

அம்மாவும் மாமாவும் நானும், சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை பூட்டிய சைக்கா வண்டியில் போனோம். மாமா மடியில் தேங்காயும் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு. சம்மதம் என்றால் கொடுப்பதற்கு. இல்லையென்றால் அதே தட்டு அதே சைக்காவில் திரும்பிவரும்.

மரப்படி ஏறிப் போகிற மாடி வீடு அது. பஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா வெள்ளைச் சேலையில் வந்து கும்பிட்டார். கையில் வளையல் இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. பேச்சு பர்மிய மொழியில் நடந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாததால் எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசி முடித்தபின், அந்த அம்மா பாய் விரித்துப் பித்தளைத் தட்டுகளை வைத்தார். மாமா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். மாமா மெதுவாக எழுந்து பாயில் போய் உட்கார்ந்தார். பழத்தட்டை மட்டும் இன்னும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

தட்டில் சூடான சோறு. அதன் ஓரத்தில் ஒரு காய்க் கூட்டு. வாழைக்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய் எல்லாம் வெளுத்த பால் குழம்பில் கிடந்தன. அவற்றுக்கு நடுவில், எல்லாவற்றையும்விட அதிகமாக, பாகற்காய்.

மாமாவின் கை பாதியில் நின்றது.

எங்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சுள்ள நாளில் பாகற்காயை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டார்கள். திவசத்துக்குத்தான் அது கட்டாயம். மாமாவின் மனைவியான அத்தைக்கு முதல் திவசம் கொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைக்கும் மாமாவின் இலையில் இதே காய் இருந்தது.

"என்னம்மா இது," என்று தமிழில் அம்மாவிடம் கேட்டார், உதடு அசையாமல். "நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டுட்டுக் கருமாதிச் சோறு போடுறாங்க."

"சும்மா இருண்ணே. கொழம்பு வரட்டும்."

குழம்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை. அந்த அம்மா கதவோரம் நின்றுகொண்டு எங்கள் தட்டுகளையே பார்த்தார். மாமா அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தார். முதலில் வைத்ததைச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அந்த அம்மா காத்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறுவதில்லை, கசப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகத்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தில் இலை நிறைந்த பிறகுதான் முதல் வாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் இவ்வளவு மரியாதையோடு பட்டினி கிடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பஸ்காரர் ஒருமுறை, "சாப்பிடுங்க," என்றார். மாமா, "சாப்பிடலாம், சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டுச் சோற்றை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். அவருடைய இடது கை பழத்தட்டின் விளிம்புக்குப் போனது.

அம்மா என்னைக் கிள்ளினாள். "தண்ணி வேணும்னு சொல்லி உள்ள போ. வேற என்ன இருக்குன்னு பாத்துட்டு வா."

அடுக்களையில் பாத்திரங்கள் வரிசையாகத் துணி போட்டு மூடியிருந்தன. பின்னாலேயே வந்த அந்த அம்மா என் மூக்கைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்டினார். தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு. எண்ணெயில் பொரித்த கத்திரிக்காய். அதற்கடுத்து வாழையிலையில் மடித்து வேகவைத்த மீன், மஞ்சளாகக் கடுகு பூசிக்கொண்டு. பர்மிய மொழியில் ஙத்தலவ் என்பார்கள். தமிழில் உல்லம் என்று வெகுகாலம் கழித்து ஒரு நாகப்பட்டினத்துக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாங்கோனில் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற மீன் அது. மாமாவுக்கு உயிர். அதற்கப்புறம் தக்காளி இனிப்புப் பச்சடி, கடைசியில் வெல்லப் பாயசம்.

"மீனை ஏன் தரல?" என்று கேட்டேன்.

"கசப்பு போய் நாக்கைக் கழுவி வைக்கணும். அப்புறம் பருப்பு. அப்புறம்தான் மீன். முதல்லயே மீன் வந்துட்டா மத்ததுக்கெல்லாம் மரியாதை இருக்காது," என்றார்.

"நீங்க எப்ப மீன் சாப்பிடுவீங்க?"

"நான் சாப்பிட மாட்டேன். என் பையனோட அப்பா போனதிலேருந்து இல்ல. மீன் இல்ல, வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல." சொல்லிக்கொண்டே என் வாயில் ஒரு துண்டு பொரித்த கத்திரிக்காயை வைத்தார். "அந்தக் கசப்பு இருக்கே, அதுதான் என் சாப்பாடு. அதுல குறை இருந்தா எனக்குத் தெரியும். மீன்ல உப்பு சரியான்னு வாசனையை வச்சுத்தான் சொல்ல முடியும். உங்க மாமாவுக்குப் பிடிக்கலையா?"

தண்ணீரை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினேன். பஸ்காரருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். பருப்பு இருக்கிறது, ஙத்தலவ் இருக்கிறது, இதைத் தின்றால்தான் அதெல்லாம் வரும், அந்த அம்மா மீன் தின்ன மாட்டார், அவர் புருஷன் செத்துப்போனதிலிருந்து இந்தப் பாகற்காய்தான் தின்கிறார், மாமாவுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறார்.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

அம்மா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. என் வேலை முடிந்தது என்று நானும் சாப்பிடத் தொடங்கினேன். கசந்தது. ஆனால் அந்தக் கசப்புக்குப் பின்னால் பாலும் இஞ்சியும் மெதுவாக வந்தன. மாமா பாகற்காயைக் கேட்டு இரண்டாம் முறை வாங்கினார். பருப்பு வந்தது, கத்திரிக்காய் வந்தது. பிறகு அந்த அம்மா வாழையிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மாமாவின் தட்டுக்கு நேரே குனிந்தார்.

மாமா தட்டின் மேல் கையை விரித்தார்.

"அமா, எனக்கு இன்னைக்கு விரதம். மீன் ஆகாது," என்றார் பர்மிய மொழியில். அமா என்றால் அக்கா.

"மாமா, காலைல..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

அந்த அம்மா பொட்டலத்தோடு அப்படியே நின்றார். முன்பே தெரியாமல் போயிற்றே என்று பதறினார். மாமா சிரித்தார். "அதனால என்ன. உங்க சாப்பாடும் என் சாப்பாடும் இன்னைக்கு ஒண்ணுதான். ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க அமா. நீங்க நிக்க நான் திங்கிறது நல்லா இல்ல."

"நான் எல்லாரும் முடிச்ச பிறகுதான்..."

"அம்மா, உக்காருங்க," என்றார் பஸ்காரர். அன்று அவர் தன் அம்மாவிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா ஒரு சின்னத் தட்டோடு வந்து, பாயில் இல்லாமல் பாயின் விளிம்பில், தரையில் உட்கார்ந்தார். மாமா பழத்தட்டை எடுத்து அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். இருவரும் பாகற்காய் சாப்பிட்டார்கள். சித்தி எத்தனை பேருக்குச் சமைப்பாள், இந்த வருஷம் பாகற்காய் எந்தச் சந்தையில் பிஞ்சாகக் கிடைக்கிறது என்றெல்லாம் பேசினார்கள். மாமாவின் மீன் எனக்கு வந்தது. அம்மா முள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் தின்றேன். அப்படி ஒரு மீனை அதற்கு முன் தின்றதில்லை. மாமா அந்த நேரம் முழுவதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி எங்கள் வீட்டுப் படியிலேயே நின்றிருந்தாள். "சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. ஆனா பொய் சொன்னாரு," என்றேன். உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தாள் அல்லவா. விரதத்தையும் சொன்னேன், மொஹிங்காவையும் சொன்னேன். சித்தி படியிலேயே உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மாமா சாயங்காலம் நெத்திலிக் கருவாட்டை வறுக்கச் சொல்லி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். விரதம் முடிந்தது.

பஸ்காரர் அடுத்த மாதம் சித்தப்பாவானார். நான் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிறகு லைங் தாயாவில் சட்டை தைத்தேன், எல்லை தாண்டித் தாய்லாந்தில் மீன் வெட்டினேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். தங்கிய கொட்டகைகளில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு மனுஷன் காலையில் மீன் தின்றுவிட்டு, மத்தியானம் உலகத்திலேயே நல்ல மீனைக் கோட்டைவிட்ட கதை. பெண்கள் நன்றாகச் சிரிப்பார்கள். மாமாவுக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் வெகுகாலம் நானும் நினைத்திருந்தேன்.

போன தடவை யாங்கோன் வந்தபோது சித்தி வீட்டில் தங்கினேன். அந்த அம்மா இப்போது இல்லை. சித்தி சோறு போட்டு, ஓரத்தில் பாகற்காய் வைத்துவிட்டு, கதவோரம் நின்று என் தட்டைப் பார்த்தாள். முதல் வாய் வைத்தபோது, பல காலம் நினைக்காத ஒரு சாப்பாடு நினைவுக்கு வந்தது. அத்தை செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தார்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம். அந்த அம்மா மீனை விட்டதுபோல் மாமாவை எதையும் விடச்சொல்லி யாரும் கேட்கவில்லை. முதல் கரண்டிக் கறியை அவர் இலையில்தான் போட்டார்கள், பாவம் இளைத்துப்போய்விட்டார் என்று சொல்லி. அவர் சாப்பிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.