நெட்டு உங்க கரண்ட் வயர்லயே வரும்

எங்கள் அண்ணிக்கு ‘கரண்ட் அண்ணி’ என்று பெயர் வைத்தவள் நான்தான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே மீட்டர் போர்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, “இந்த வீட்ல இத்தனை வருஷமா யாரும் சாகாததே பெரிய விஷயம்” என்று சொன்னவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அன்று சாயங்காலத்துக்குள் பாதி வயரை உருவிப் போட்டுவிட்டாள். புது மருமகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எலக்ட்ரீஷியன் வேலையில் அவளுக்குப் பதினாறு வருஷம். பயிற்சிப் பட்டறையில் அவள் ஒருத்திதான் பெண்ணாம். யாராவது ஏணியைப் பிடிக்க வந்தால் முறைப்பாள். எந்த வீட்டிலும் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “பதினாறு வருஷம், ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது” என்று சொல்லாமல் வெளியே வரமாட்டாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. ஆனால் அது பொய் இல்லை. கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன, ஒரு வீட்டிலிருந்தும் அவளைக் குறை சொல்லி யாரும் வந்ததில்லை.

எங்கள் கட்டடத்துச் சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை படுக்கையறை வாசலிலேயே செத்துவிடும். அதற்கு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். கை அளவுக்கு ஒரு பெட்டி. ரவுட்டர் பக்கத்துப் பிளக் பாயின்ட்டில் ஒன்று, வேண்டிய அறையில் இன்னொன்று. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் வயர் வழியாகவே நெட் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போய்விடும். ஒன்பது வீடுகளுக்கு மாட்டிக் கொடுத்தாள். ஒன்பது வீட்டிலும் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: “புதுசா வயர் இழுக்க வேணாம். இனிமே நெட்டு உங்க கரண்ட் வயர்லயே வரும்.” நானும் கூட நின்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த வயரில் யாருக்கு முதல் இடம் என்பதையும் அண்ணிதான் தீர்மானித்தாள். முதல் இடம் அண்ணனுக்கு. அவன் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்க்கிறவன். டாக்டர் ஒரு மொழியில் பேசுவார், நோயாளி வேறு மொழியில் முனகுவார், நடுவில் ஹெட்போனோடு அண்ணன். இரண்டாவது இடம் அண்ணியின் கம்ப்யூட்டருக்கு. கடைசி இடம் என்னுடைய டிவிக்கு.

“எனக்கு மட்டும் ஏன் அண்ணி கடைசி இடம்?”

“படம் ரெண்டு நிமிஷம் காத்திருந்தா ஒண்ணும் ஆகாது. பேச்சு அரை செகண்ட் நின்னாலும் போச்சு. உனக்கு அகலமான ரோடு வேணும். அவனுக்கு ஒத்தையடிப் பாதை போதும், ஆனா குறுக்க ஒரு ஆள் வரக் கூடாது.”

நியாயம்தான். இருந்தாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பாதையில் யாரோ குறுக்கே வர ஆரம்பித்தார்கள். சரியாக நாலு மணிக்கு அண்ணனின் குரல் துண்டு துண்டாகும். ஒரு நாள் டாக்டர் மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அறுந்தது. மூன்று முறை திருப்பிக் கேட்டிருக்கிறான். புகார் போனது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்குத் தெரிந்து அண்ணன் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னான்.

அண்ணிக்கு ஆவேசம் வந்துவிட்டது. கரண்ட் வயரில் சில சாமான்கள் இரைச்சலைக் கலக்கும், அதில் நெட் திணறும் என்று வீட்டையே சல்லடை போட்டாள். மிக்ஸிக்குத் தடை. மலிவு சார்ஜர்கள் குப்பைக்குப் போயின. கடைசியில் என் ஹேர் டிரையரில் வந்து நின்றாள்.

நான் முடி அலங்காரம் செய்கிறவள். பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மத்தியானம் மூன்று நான்கு வாடிக்கையாளர்கள். டிரையர் இல்லாமல் ஈரத் தலையோடு அவர்களை அனுப்ப முடியுமா? “எதைத் தொட்டாலும் கடைசியில என் தலையில வந்து விடியுது” என்று கத்தினேன். டிரையரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். டிரையர் பூட்டுக்குள் போன மறுநாளும் நாலு மணிக்கு அண்ணனின் குரல் அறுந்தது. எனக்கு அல்ப சந்தோஷம்தான், மறைப்பானேன்!

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அண்ணி தன் கம்ப்யூட்டரில் பெட்டிகளின் பட்டியலைத் திறந்தாள். வயரில் எந்தெந்தப் பெட்டி இருக்கிறது, எதற்கு எந்த இடம் என்று அதில் தெரியும். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

“நம்மகிட்ட எத்தனை பெட்டி இருக்கு?”

“மூணு. ரவுட்டர்கிட்ட ஒண்ணு, அண்ணன் ரூம்ல ஒண்ணு, டிவியும் உங்க கம்ப்யூட்டரும் இருக்கற ரூம்ல ஒண்ணு.”

“இங்க நாலு இருக்கு.”

நாலாவது ஒரு நீண்ட எண்ணாகப் பட்டியலின் உச்சியில் இருந்தது. அண்ணனுக்குச் சமமாக, முதல் இடத்தில். எங்கள் சுவருக்குள் எங்களுக்குத் தெரியாத யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்!

அண்ணிக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் கம்பெனி போட்டு அனுப்பும் பாஸ்வேர்டு ஒன்றுதான். மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் வேலை முடிந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் அப்படியே விட்டுவிட்டாள், எங்கள் வீட்டிலும்.

“எவனோ நம்ம நெட்டைத் திருடறான்” என்றாள். அவமானத்தில் அவள் காது சிவந்திருந்தது. “யாருன்னு விசாரிச்சிட்டு...”

“என்ன விசாரணை? திருடன்கிட்ட போய் முகவரி கேப்பீங்களா? தூக்கி வெளிய போடுங்க அண்ணி.”

இதைச் சொன்னவள் நான். யாரும் என்னை அதற்குத் திட்டவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று பெட்டிகளுக்கும் புதுப் பாஸ்வேர்டு போட்டாள். நாலாவது எண் பட்டியலிலிருந்து மறைந்தது. நான் கைதட்டினேன்.

மறுநாள் நாலு மணிக்கு அண்ணனின் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. டிரையர் எனக்குத் திரும்பி வந்தது. பூட்டிக் கிடந்த நாட்களின் பாக்கி வாடிக்கையாளர்களையெல்லாம் வியாழக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கே முதல் ஆள் வந்துவிட்டாள். அன்று முழுக்க அந்த டிரையர் ஓய்வில்லாமல் ஓடியது.

வியாழன் நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இருந்தான். என் நாற்காலியில் ஒரு பெண் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஸ்டூல் மேல் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. கையில் கிரீஸ் என்பதால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“அக்கா, நான் கீழ் வீட்டு வாத்தியாரோட பொண்ணு பேசறேன்.”

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் ஒருவர் தனியாக இருக்கிறார். எங்கள் கூடத்துக்கு நேர் கீழே அவருடைய படுக்கையறை. மகள் வெளிநாட்டில். இரண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை அவர் தடுக்கி விழுந்த பிறகு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அலாரம் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். பட்டனை அமுக்கினால் நெட் வழியாக ஓர் உதவி மையத்துக்குத் தகவல் போகும், அவர்கள் பேசுவார்கள், ஆள் அனுப்புவார்கள். அதையும் அதற்கான பெட்டியையும் மாட்டிக் கொடுத்தது அண்ணிதான்.

“சொல்லும்மா.”

“தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க பெட்டியில ஏதோ கோளாறு போல. போன மாசம் எனக்குக் குழந்தை பொறந்ததுலேருந்து அப்பா தினமும் நாலு மணிக்கு வீடியோவுல வந்துடுவார். நேத்து வரல. ராத்திரி போன்ல பேசினார், நெட்டு இல்லன்னார். உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். பாவம் அந்தப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை, அப்புறம் சொல்லிக்கலாம்னுட்டார். இன்னிக்கி போனையும் எடுக்க மாட்டேங்கறார்.”

பதினாறு வருஷத்தில் அண்ணிக்கு வந்த முதல் கம்ப்ளெய்ன்ட். ஆனால் அவள் முகம் மாறியது அதனால் இல்லை. நாலு மணி என்ற சொல்லில்தான் மாறியது.

“நெட்டு கம்பெனிக்குச் சொன்னாராம்மா?”

“எந்தக் கம்பெனிக்கா? அந்தக் கனெக்‌ஷனை அப்பா எட்டு மாசம் முன்னாடியே நிறுத்திட்டாரே. ரவுட்டரையும் திருப்பிக் குடுத்துட்டார். இனிமே நெட்டு கரண்ட் வயர்லயே வரும்னு நீங்கதான் சொன்னீங்களாம். அதுக்கப்புறமும் நல்லாத்தான வந்துச்சு!”

நான் அண்ணியைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

வந்துகொண்டிருந்தது எங்கள் நெட். கட்டடத்தில் அவர் வீட்டு வயரும் எங்கள் வயரும் மட்டும் ஒரே குழாயில் மேலே ஏறுபவை, ஒன்றில் ஓடும் சிக்னல் மற்றதிலும் கசியும். பாஸ்வேர்டும் ஒன்றே. அவருடைய ரவுட்டர் போன பிறகு அவருடைய பெட்டி எங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறது. அதற்கு முதல் இடம் கொடுத்தது வேறு யாரும் இல்லை. அலாரம் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் முன்னால் அண்ணியே அதைச் செய்திருந்தாள். அலாரத்துக்கு மட்டும் இல்லாமல் பெட்டிக்கே கொடுத்துவிட்டாள். அதனால்தான் பேரக்குழந்தையின் வீடியோ அண்ணனை இடித்துத் தள்ளியது.

“அலாரம்...” என்றாள் அண்ணி. அவ்வளவுதான். ஸ்டூலிலிருந்து குதித்து ஓடினாள்.

நானும் ஓடினேன். ஈரத் தலைக்காரியும் கழுத்தில் துண்டோடு பின்னாலேயே வந்தாள். வாத்தியார் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம், கூப்பிட்டோம். உள்ளே போன் மட்டும் அடித்து அடித்து நின்றது. அண்ணி பக்கவாட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியை முழங்கையால் உடைத்து, கையை விட்டுக் கொக்கியை இழுத்து, உள்ளே குதித்து எங்களுக்குக் கதவைத் திறந்தாள். ரத்தம் வந்ததை அவள் பார்க்கவில்லை.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் தரையில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கட்டைவிரல் இன்னும் அந்தப் பட்டன் மேல் இருந்தது.

உயிர் இருந்தது. கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டியாம்மா?”

அண்ணி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்.

“காலைல ஏழு மணிக்கு விழுந்தேன்” என்றார். “அமுக்கிக்கிட்டே இருக்கேன். பச்சை லைட்டு எரியுது பாரு. நீ மாட்டினதாச்சே, கெட்டிருக்காதுன்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

பெட்டியில் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. அது கரண்ட் இருக்கிறது என்பதற்கான விளக்கு. நெட் இல்லை என்று சொல்லும் சிவப்புப் புள்ளி சுவர்ப் பக்கம் திரும்பி மின்னிக்கொண்டிருந்தது.

“கூப்பிட்டிருக்கலாமே சார்” என்றேன். எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

“கூப்பிட்டேம்மா. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். மேல ஏதோ மெஷின் விடாம ஓடிக்கிட்டே இருந்துச்சு.”

அன்றைக்கு எத்தனை தலைகளை உலர்த்தினேன் என்று எண்ணத் தொடங்கி, ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் சார் உங்களை வெளிய தள்ளினேன். திருடன்னு நினைச்சு” என்றாள். அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார். ஈரத் தலைக்காரிதான் துண்டின் நுனியை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள்.

ஸ்ட்ரெச்சரில் அவரைத் தூக்கிப் போகும்போது அண்ணன் மாடிப்படியில் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “ஒரு இடத்துல கூட அறுபடல! ரெண்டு மணி நேரம்! டாக்டரே பாராட்டினார்” என்றவன் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். அண்ணியின் கையில் வழியும் ரத்தத்தைப் பார்த்தான். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினான்.

இடுப்பெலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். உடனே அண்ணி கீழ் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாத்தியாரின் பெட்டிக்குப் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்து எங்கள் வயரில் சேர்த்தாள். அவர் பெயரில் தனிக் கனெக்‌ஷன் வரும்வரை இது இருக்கட்டும் என்றாள். இந்த முறை அலாரத்துக்கு மட்டும் முதல் இடம் கொடுத்தாள், அண்ணனுக்கும் மேலே. சிவப்புப் புள்ளி அணைந்தது. பதினாறு வருஷக் கதையை அவள் சொல்லவில்லை.

தரையில் கிடந்த பட்டனை எடுத்து ஒரு தடவை அமுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பதினோரு செகண்ட்.

“வணக்கம் சார், என்ன ஆச்சு? நல்லா இருக்கீங்களா?” என்று ஒரு பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது.

அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, காலையில் அவர் விழுந்து கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சார்? கேக்குதா சார்? உடனே ஆள் அனுப்பட்டுமா?”

மூன்றாவது தடவை கேட்டபோது நான் பதில் சொன்னேன்.

“அவர் ஆஸ்பத்திரியில இருக்கார்ங்க. காலைலேர்ந்து உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்.”