சந்தனம் பூசிய இடியன் துவக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒக்ரோபர் மாதம், தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில் நடந்தது இது. இடம், ரொறன்ரோவிலிருந்து வடக்கே நாலு மணி நேரம் ஓடினால் வரும் ஒரு காடு. ஆனால் விஷயம் தொடங்கியது மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்டில்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பார்சல் வான் ஓடுகிறேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கோயிலில் பூசை முடியமுன்பே சப்பாத்தைத் தேடிப் போய்விடுவேன். காலில் சக்கரம் கட்டிய மனிசன் என்று மனைவி சொல்வாள். இப்படிப்பட்ட ஒருவன் கரடி வேட்டைக்குப் போகலாமா? போனேன். ஆசை யாரை விட்டது!

ஆசையைக் கிளப்பியவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் நண்பர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், வெல்டிங் வேலை செய்கிறவர். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்களோடு பல வருடமாக வேட்டைக்குப் போகிறார். அவர் வைத்திருப்பது பழைய முறைத் துவக்கு. குழல் வாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டி, துணித்துண்டில் ஈயக் குண்டைச் சுற்றி, நீளத் தடியால் இடித்து இறக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு இடியன் துவக்கு என்று பெயர். ஒரு முறைதான் சுடலாம். மறுபடி இடித்து முடிக்க ஒரு நிமிடம் ஆகும். “ஒரு வெடிதான் அண்ணை. அதாலைதான் பொறுமை வரும்” என்பார் நண்பர். பொறுமை எனக்கும் வரட்டுமே என்று வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, நானும் ஒன்று வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கரடி இறைச்சிக் கறி தருவதாகச் சொல்லி வைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் ஆயுத பூசை. மகளின் லப்டொப், மனைவியின் தையல் மெசின், என் வான் திறப்புக் கொத்து எல்லாம் சாமிக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தன. துவக்கையும் வைக்கப் போனேன். அது வீட்டுக்குள் இருப்பதே போதும், சாமி அறைக்குள் வரக்கூடாது என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் தூக்கிக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போய் நானே பூசை செய்தேன். குழலில் மூன்று இடத்தில், கட்டையில் ஒரு இடத்தில், பிறகு விசைக்கு மேலே சிறு கூம்பு மாதிரி நிற்கும் அந்த முனையிலும் தாராளமாக ஒரு பொட்டு. அந்த முனையில்தான் கேப் என்கிற சின்னச் செப்பு மூடியைப் பொருத்துவது. அதன் நடுவில் ஊசி போகிற அளவு ஓட்டை இருக்கிறது. கேப்பில் எழும் பொறி அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே மருந்துக்குப் போக வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல. பக்தியும் கோபமும் ஒன்றாக இருக்கும்போது மூளை எங்கே வேலை செய்கிறது? அடுத்த நாள் காலையில் வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்தேன். உள்ளே போனது உள்ளேயே காய்ந்தது.

காட்டில் கரடி வரும் இடத்தை நண்பர் முன்கூட்டியே தயார் செய்திருந்தார். எங்கள் பக்கத்து பிளாசாவில் உள்ள சாப்பாட்டுக் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும், விற்காத பணிசு ரொட்டிகளும் ஒரு பீப்பாவில் கிடந்தன. கரடிக்கு அந்த மணம் என்றால் உயிராம். நூற்றிருபது அடி தள்ளி, கிளைகளால் கட்டிய மறைப்புக்குள் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தோம். அவர் எனக்கு வலப்பக்கம், தோள் முட்டாத தூரத்தில்.

மருந்து போடுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. வெறும் துவக்கில் இரண்டு கேப்பை அடித்துப் பார்க்க வேண்டும். பொறி வாய் வரைக்கும் வந்து குழலுக்கு முன்னால் உள்ள இலை அசைந்தால் ஓட்டை சுத்தம் என்று அர்த்தம். நண்பர் மதியமே தன்னுடையதை அடித்துவிட்டார். நான் அப்போது பீப்பாவைச் சுற்றி வந்து கரடியின் கால் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

“கேப் அடிச்சுப் பாத்தனீங்களோ அண்ணை?” என்று கேட்டார்.

“ஓம், ஓம், பாத்திட்டன்” என்றேன்.

பொய். அவ்வளவு சுலபமாக வந்தது. வெளிச்சம் குறையப் போகிறதே, இதற்கெல்லாம் நேரமா என்ற அவசரம். அந்தப் பொய்யோடுதான் மருந்தைக் கொட்டினேன், குண்டை இடித்தேன்.

இரண்டு மணி நேரம் இருந்தோம். என்னைப் பொறுத்தவரை இரண்டு வருடம். கால் மரத்தது, மூக்கு அரித்தது, போனை எடுக்கக் கை துடித்தது. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் சத்தமே இல்லாமல் கரடி வந்தது. அவ்வளவு பெரிய மிருகம் ஒரு சுள்ளியைக் கூட முறிக்கவில்லை. பீப்பாவில் கை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. நண்பர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குறி வைத்தேன். விசையை இழுத்தேன்.

டிக். கேப் மட்டும் வெடித்தது. துவக்கு வெடிக்கவில்லை.

இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வகுப்பிலும் சொன்னது, நண்பரும் பல முறை சொன்னது. குழல் முன்னால் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். உள்ளே பொறி கனன்றுகொண்டு இருக்கலாம். எனக்கு எங்கே ஒரு நிமிடம் இருக்கிறது? கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்கு வந்ததெல்லாம் கோபம். “என்னடாப்பா இது?” என்று கேட்டபடி, துவக்கைக் கையில் பிடித்தபடியே நண்பர் பக்கம் திரும்பினேன். உடம்போடு குழலும் திரும்பியது.

“திருப்பாதேங்கோ!” என்று கத்திக்கொண்டு அவர் இடக்கையால் குழலை மேலே தள்ளினார். அந்தக் கணமே வெடித்தது.

கொஞ்ச நேரம் வெண்புகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. கரடி எந்தப் பக்கம் ஓடியது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. புகை விலகியபோது நண்பர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். காதைப் பொத்தியிருந்தார். செத்துப்போகாமல் இருந்தார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் திட்டவில்லை. கொஞ்சம் ஆறிய பிறகு என் துவக்கை வாங்கி, அந்த முனையைக் கழற்றி, ஊசியால் கிண்டினார். கரியோடு மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“உது சந்தனமெல்லோ?”

நான் தலையாட்டினேன்.

“கேப் அடிச்சுப் பாத்தது எண்டனீங்கள்.”

“இல்லை. பொய் சொன்னனான்.”

அவர் துவக்கை உறையில் போட்டுக் கட்டினார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “என்ரை மனிசிக்குச் சொல்லிப் போடாதேங்கோ. அவ தாங்க மாட்டா.”

அதற்குப் பிறகுதான் உண்மையான மன அந்தரம் தொடங்கியது. நண்பரின் மனைவி சமையலில் நல்ல கைப்பக்குவம் உள்ளவர். வெள்ளிக்கிழமை என்றால் வடை வரும், மகளுக்குத் தனியாகப் பொதி வரும். ஒவ்வொன்றையும் வாங்கும்போது கை கூசும். அவர்கள் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்தேன். இரவில் படுத்தால் குழல் திரும்புவது தெரியும். வானில் தனியாக இருக்கும்போது, சொல்லுவோமா விடுவோமா என்று எனக்கு நானே வாய்விட்டு வழக்காடினேன். துவக்கை விற்றேன். அப்படியும் நிம்மதி வரவில்லை.

அடுத்த ஓகஸ்டில், வேட்டைக் காலம் தொடங்கப் போகிற நேரத்தில், நண்பரின் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “இந்த முறையும் இவரோடை போங்கோ அண்ணை. தனியப் போறன் எண்டு நிக்கிறார். நீங்கள் பக்கத்திலை இருந்தால்தான் எனக்குப் பயமில்லை” என்றார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், பொய், திரும்பியது, ஒன்றையும் விடவில்லை. உள்ளே இருந்து என் மனைவியும் வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

நண்பரின் மனைவி திரும்பி வீட்டுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார், கையில் கணவரின் வேட்டை ஜக்கெற். இடப்பக்கத் தோளில் உள்ளங்கையளவு ஒட்டுத்துணி, அழகாகத் தைத்திருந்தது. அன்றைக்கு நண்பர் அதைச் சுருட்டிப் பின் சீற்றில் எறிந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வெடி கிழித்த இடத்தை எனக்கும் காட்டாமல் மறைத்திருக்கிறார்.

“அடுப்புத் தணல் தெறிச்சது எண்டு சொன்னவர் அண்ணை. நான்தான் இருந்து தைச்சனான்” என்றார். பிறகு ஒட்டுத்துணியின் ஓரத்திலிருந்து கழுத்துப் பட்டி வரை விரல்களை வைத்து அளந்தார். நாலு விரல். அந்த நாலு விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்படவும் இல்லை. ஜக்கெற்றை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

வடை வருவது நின்றுவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் கண்டால் தலையசைக்கிறார். நண்பர் வழக்கம்போலப் பேசுகிறார், ஆனால் இடப்பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்பதில்லை. நான் இன்றைக்கும் காலாட்டுகிற ஆள்தான், அது மாறவில்லை. ஆனால் யாராவது ஒரு வேலையைச் செய்தாயா என்று கேட்டால், செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வாய் திறக்கும்போதே அந்தப் பெண்ணின் நாலு விரலும் என் கழுத்தில் வந்து பதிகின்றன.