அப்பாவும் பிளாக் அக்கவுண்டும்

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் திவ்யா தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் டீமில் சின்னவள். ஜெர்மனிக்கு இன்ஜினியரிங் மேற்படிப்புக்குப் போகிறாள். "அக்கா, விசாவுக்கு முன்னாடியே ஒரு வருஷ செலவ பிளாக் அக்கவுண்ட்ல போடணுமாமே?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. பாவம், பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

சிரிப்புக்குக் காரணம் என் அப்பா. பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர். வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவர்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய பிறகு வந்த சொந்தத் தங்கையையே டிக்கெட் இல்லையென்று திருப்பி அனுப்பினார். அந்தத் தீபாவளிக்கு அத்தை மர்பி டவுனில் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நானும் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பியபோது அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், "பிளாக் அக்கவுண்ட் தெறக்கணும்ப்பா" என்றேன். பணத்தைப் பூட்டி வைக்கிற பிளாக்கும் கள்ள டிக்கெட் பிளாக்கும் நம் வாயில் ஒன்றுதானே! தோசையைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

"பிளாக்லயா? அந்த மாதிரி படிப்பே நமக்கு வேணாம்மா. பேஜாரு."

இரண்டு நாள் பேச்சில்லை. விசா தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்ட பணமும் சும்மா பணமில்லை. தியேட்டரை மூடியபோது அவர் கைக்கு வந்த மொத்தத் தொகை. வீட்டில் வேறு எதுவும் கிடையாது. அதனால் கேட்கவே எனக்குக் கூச்சம். மூன்றாம் நாள் பீரோப் பூட்டை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அந்த பிளாக் இல்லப்பா. இது பூட்டு. நம்ம பணத்த பூட்டி வெச்சு, மாசாமாசம் இவ்ளோன்னு அவங்களே குடுப்பாங்க."

"சம்பளம் மாதிரியா?"

"சம்பளம் மாதிரிதான்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அங்கே படிப்புக்குக் கட்டணம் ஏதோ பேருக்குத்தான். அறை வாடகையும் இன்சூரன்சும்தான் ஆளை விழுங்கும். காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் சில்லறை கிடைக்கும். பகலில் லேபில் பெரிய இன்ஜினியர், சாயங்காலம் பூங்காவில் பாட்டில் பொறுக்குகிறவள். முதல் குளிருக்குக் கோட்டு வாங்கியதில் இருபதாம் தேதியே கை காலி. அடுத்த மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்டேன். பேங்கில் முடியாது என்றார்கள். போனில் அப்பாவிடம் அழுதேன். அவருக்கோ ஒரே சந்தோஷம்.

"நல்ல பேங்கும்மா. கவுன்ட்டர்ல ஆளு கறாரா இருக்கான்."

பத்து நாள் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றபடி அவரைத் திட்டினேன். ஆனால் ஒன்றாம் தேதி சரியாக அவர் போன் வந்துவிடும். ஹலோவெல்லாம் கிடையாது.

"சம்பளம் வந்துச்சாம்மா?"

அத்தனையும் அவர் பணம். ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. 'உன் சம்பளம்' என்றேதான் சொல்வார்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. எலக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு நிஜமான சம்பளம் வருகிறது, ஒன்றாம் தேதி தவறாமல். அப்பா போய் நாலு வருஷமாகிறது. பேங்க் மெசேஜைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைக்க மனசு வருவதில்லை. "வந்துச்சுப்பா" என்று சொல்ல வேண்டும், கேட்கத்தான் ஆளில்லை.