முயல் பாஸானால்தான் சலைன்

முயலின் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வெற்றிலையைவிட மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரமாக ஓடும் ரத்தக்குழாய் தெரியும். அதில்தான் ஊசி போட வேண்டும்... எழுபதுகளில் என் வேலையில் பாதி இதுதான் என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

நான் முதலமடை வெயிலில், மாந்தோப்புக்குள் வளர்ந்தவள். பார்மசி டிப்ளமா முடித்த கையோடு வேலை கிடைத்தது மலை மேலே சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில். அப்பப்பா, அந்தக் குளிர்! இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பூசணிக்காய் மாதிரி உருண்டு திரிவேன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து ஜனங்களுக்கு நான் கம்பவுண்டரம்மா.

சலைன் பாட்டில் கீழே போடியிலிருந்து பஸ் ஏறி வரும். மழையில் மலைப்பாதை சரிந்தால் அதுவும் வராது. அதனால் நாங்களே தயாரிப்போம்! தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்பை நிறுத்துப் போட்டு, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஆட்டோகிளேவில் ஏற்றி... பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் கிருமி செத்தால் மட்டும் போதாது. செத்த கிருமியின் மிச்சம் தண்ணீரில் இருந்தால், அது ரத்தத்தில் ஏறியதும் ஆளைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வரும். அந்த மிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. முயல் உடம்புக்குத் தெரியும். மூன்று முயல்களுக்குக் காதில் அந்த சலைனை ஏற்றி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். (வைக்கிற இடம் வாய் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.) சூடு ஏறாவிட்டால் பாட்டில் வார்டுக்கு. ஏறினால் மொத்தமும் சாக்கடைக்கு.

நான் கூடவே இன்னொரு முயலையும் ஊசி போடாமல் சும்மா வைத்துப் பார்ப்பேன். காலேஜில் அப்படிப் பழக்கிவிட்டார்கள். எங்கள் மலையாளி டாக்டருக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. "இவன் எந்தா, விருந்துக்கு வந்நதாணோ?" என்பார். அதற்கு விருந்தாளி என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு ஆடி மாதம் லயங்களில் வாந்திபேதி பரவியது. ரோடும் அடைத்துக்கொண்டது. இருந்த சலைன் எல்லாம் தீர்ந்த பிறகு வந்து விழுந்தவள் செல்வி. எங்கள் ஆஸ்பத்திரி ஆயா பேச்சியம்மாவின் ஒரே மகள். கண் குழிக்குள் போயிருந்தது. தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூனில் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் வெளியே வந்தது.

புது சலைன் தயாராக இருந்தது, முயல் பரிசோதனைதான் பாக்கி. அப்படியே ஏற்றிவிடலாமே என்று டாக்டரிடம் கெஞ்சினேன். இந்த நிலைமையில் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அவள் தாங்க மாட்டாள் என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். முன்பு ஒருவர் அப்படிப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர்.

முயல்களுக்கு ஊசி போட்டுவிட்டு வார்டுக்கும் முயல் அறைக்குமாக ஓடினேன். முயல்களைக் கவனிப்பதும் பேச்சியம்மாவின் வேலை. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தம்மா அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

வார்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால்... மூன்றுக்கும் சூடு ஏறியிருக்கிறது!

டாக்டர் வந்து பார்த்தார், கொட்டச் சொல்லிவிட்டார். மறுபடி தயாரிக்க மறுநாள் ஆகும். அதுவரை செல்வி இருப்பாளா? அழுகையை அடக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் விருந்தாளிக்கும் தெர்மாமீட்டர் வைத்தேன். அதற்கும் ஏறியிருந்தது!

"கொட்டாதீங்க சார். ஊசியே போடாத முயலுக்கும் சூடு ஏறியிருக்குதுங்க."

மருந்தே ஏறாத முயலுக்கு மருந்தால் எப்படிக் காய்ச்சல் வரும்? அப்படியானால் சூடு வெளியே எங்கிருந்தோதான் வந்திருக்க வேண்டும். நான் முயல் கூண்டுகள் வைத்திருந்த பெஞ்சுக்கு அடியில் குனிந்து, தொங்கிய சாக்கை விலக்கினேன். உள்ளே ஒரு மண்சட்டி நிறைய நெருப்புக் கங்கு. மழைக்குளிரில் லயத்து ஜனங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார்களே, அதே சட்டி.

பேச்சியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெடவெடன்னு நடுங்குச்சுக தாயி. எம் புள்ளைய காப்பாத்தப் போற சீவனாச்சேன்னு கங்கு அள்ளி வச்சேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தம்மாவைக் கட்டிக்கொண்டேன். பாவம், எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை.

சட்டி வெளியே போனது. ஓய்வில் இருந்த வேறு முயல்களைக் கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை டாக்டரே ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்தார். நான் தெர்மாமீட்டரை எடுக்கும்போதெல்லாம் அவர் கழுத்தும் கூடவே நீளும். ஏறவில்லை... மறுபடியும் ஏறவில்லை... கடைசி வரை ஏறவே இல்லை! நிதானமாகத் தவிர வேறு மாதிரி நடந்து நாங்கள் பார்த்தே இராத மனிதர், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினார்.

சொட்டுச் சொட்டாக ஏறியது. குளிர் நடுக்கம் வரவில்லை. ஆனால் சிறுநீர் பிரிந்தால்தான் பிழைத்தாள் என்று அர்த்தம், அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஒரு பாட்டில் முடிந்து அடுத்ததை மாட்டினோம். விடிந்து, நான் டிஸ்பென்சரி ஜன்னலைத் திறக்கும்போது வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி பேச்சியம்மாவின் குரல்.

"கம்பவுண்டரம்மா, எம் மவ ஒண்ணுக்குப் போயிட்டா!"

டாக்டர் கை தட்டினார். நர்சுகள் தட்டினார்கள். படுக்கையில் கிடந்த நோயாளிகளும் தட்டினார்கள். சமையலறையிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது. செல்வி வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது சலைன் பிளாஸ்டிக் பாட்டிலில் கம்பெனியிலிருந்து வருகிறது. அந்தச் சோதனையையும் பெரும்பாலும் கண்ணாடிக் குழாயிலேயே முடித்துவிடுகிறார்களாம். முயல்களுக்கு நிம்மதி, நல்லதுதான்.

போன மாதம் கோயம்புத்தூரில் எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது நர்ஸ் பெண் வந்து, யூரின் போனீங்களா அம்மா என்று கேட்டாள். போயிட்டேன் கண்ணு என்று பெருமையாகச் சொன்னேன். குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஒருத்தராவது கை தட்டியிருக்கலாம்.