சக்கரத்துக்கு வைத்த கல்

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பழைய ஜீப்பைக் காளவாசல் பட்டறையில் புதுப்பித்தேன். ஹேண்ட் பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்காது. நிறுத்தும்போதெல்லாம் என் மனைவி இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பாள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அதை விற்றுப் புது ஜீப் வாங்கினேன்.

அதற்கும் கல்லோடு வந்தாள். "புது வண்டிக்குக் கல் வச்சா நாலு பேரு சிரிப்பாக" என்று கல்லைத் தூக்கி எறிந்தேன்.

ஒரு நாள் சமயநல்லூர்ப் பக்கம் கண்மாய்க்கரைச் சரிவில் ஹேண்ட் பிரேக் போட மறந்து இறங்கினேன். ஜீப் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற என் மனைவி மயிரிழையில் விலகித் தப்பினாள்.

"சிரிக்கிற நாலு பேரா வந்து வண்டியப் புடிப்பாக?" என்றாள்.

இப்போது நானே முதலில் இறங்கிக் கல் வைக்கிறேன். தெருவில் பழைய ஜீப் சத்தம் கேட்டால் இருவரும் வாசலுக்கு வந்துவிடுகிறோம், எங்களுடையதாக இருக்குமோ என்று.